ஸ்கோப் ரிங்: வாங்குமுன் எதை அளப்பது, எப்படி மாட்டுவது

துல்லியச் சுடுதலுக்கென்று ரைஃபிள் தயார் செய்பவர்கள் பேரலுக்கும் ஸ்கோப்புக்கும் மாதக்கணக்கில் விசாரிப்பார்கள். ஸ்கோப்பை ரைஃபிளின் மேல் பிடித்து வைக்கும் ரிங் என்று வந்தால் மட்டும் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்ததை வாங்கி வந்துவிடுவார்கள். அப்புறம் ஜீரோ (குறிவைத்த இடத்தில் குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்த நிலை) நிற்கவில்லை, கிளிக் (குறியை நகர்த்தும் குமிழின் ஒவ்வொரு சிறு நகர்வு) கணக்குக்கு வரவில்லை என்று பழி முழுக்க ஸ்கோப்பின் தலையில் விழும். ரிப்பேருக்கு அனுப்பினால், கோளாறு ஒன்றும் இல்லை என்று திரும்பி வரும்.

ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். முன் ரிங்குக்கும் பின் ரிங்குக்கும் நடுவே சாதாரணமாக 130 மி.மீ. இடைவெளி இருக்கும். அதில் ஒரு முனை 0.1 மி.மீ. நகர்ந்தாலே 100 மீட்டரில் பார்வைக்கோடு 7.7 செ.மீ. விலகிவிடும். 0.1 மி.மீ. என்பது தலைமுடிக் கனம். அவ்வளவுகூட நகராமல் பிடிக்க வேண்டும், அதே நேரம் ஸ்கோப்பின் குழாயை நசுக்கவோ வளைக்கவோ கூடாது. ரிங்குக்கு உள்ள வேலை இந்த இரண்டும்தான்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டு 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் பேரல், ஃப்ரேம், போல்ட் ஓடும் உடற்பகுதியான ரிசீவர் ஆகியவைதான் முக்கிய பாகங்கள். ரிங், ரயில், ஸ்கோப் எதற்கும் லைசென்ஸ் வேண்டியதில்லை; வீட்டு மேஜையிலேயே மாட்டலாம். ஆனால் ரிசீவரில் புதிதாகத் துளை போட்டு மரை வெட்டும் வேலை லைசென்ஸ் பெற்ற கன்ஸ்மித்துடையது (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்). அதை கராஜில் துளையிடும் மெஷினை வைத்துக்கொண்டு முயலாதீர்கள்.

முதலில் ரைஃபிளின் முதுகைப் பாருங்கள்

ரிங் எதைப் பிடித்து உட்காரப் போகிறது என்பது தெரியாமல் மற்ற அளவுகளைப் பேசிப் பயனில்லை. இங்கே புழக்கத்தில் உள்ள ரைஃபிள்களில் மூன்று நான்கு வகை முதுகுகள் உண்டு.

புதிதாகத் துல்லியச் சுடுதலுக்கு வருபவருக்கு எங்கள் பரிந்துரை, குறுக்குப் பள்ளங்கள் வெட்டிய நீள உலோகப் பட்டையான பிகாடினி ரயில்தான். 1995-இல் வந்த அமெரிக்க ராணுவத் தரமான மில்-ஸ்டாண்டர்ட் 1913-இல் இதன் அளவுகள் எல்லாம் வரையறுக்கப்பட்டுள்ளன: பள்ளத்தின் அகலம் 5.23 மி.மீ., ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை 10.01 மி.மீ. அதனால் எந்தக் கம்பெனி ரிங்கும் எந்தக் கம்பெனி ரயிலிலும் உட்காரும். கண்ணுக்குத் தோதாக ஒரு பள்ளம் முன்னே பின்னே நகர்த்தவும் இடமிருக்கும்.

வீவர் பேஸ் (ரிங் உட்காரும் அடிப்பட்டை) பார்வைக்கு அதே மாதிரிதான் இருக்கும். பள்ளம் 4.57 மி.மீ. மட்டுமே, பள்ளங்களுக்கு இடையிலான தூரத்துக்குத் தரமும் கிடையாது. வீவருக்குச் செய்த ரிங் பிகாடினியில் பெரும்பாலும் உட்காரும். பிகாடினி ரிங்கின் குறுக்கு போல்ட் வீவர் பள்ளத்தில் இறங்காது. இறங்காததை அடித்து இறக்கினால் கெடுவது பேஸ்.

செக் நாட்டு ரைஃபிள்களில் ரிசீவரிலேயே டவ்டெயில் (பக்கங்கள் உள்நோக்கிச் சரிந்த நீள மேடு) வெட்டியிருக்கும். சிஇசட் 550-க்கு 19 மி.மீ., 527-க்கு 16 மி.மீ., 457 போன்ற .22 ரிம்ஃபயர்களுக்கு 11 மி.மீ. ஃபின்லாந்தின் டிக்கா டி3எக்ஸில் 17 மி.மீ. டவ்டெயிலும் இருக்கிறது, ரயில் மாட்டத் துளைகளும் இருக்கின்றன. டவ்டெயில் ரிங் வெறும் உராய்வில்தான் பிடிக்கிறது என்பதை மறக்கக் கூடாது. ரிங்கின் அடியில் பின்னோ முளையோ இருந்து, அது ரிசீவரில் உள்ள குழிக்குள் இறங்கினால்தான் உதைப்பில் வழுக்காது. 11 மி.மீ. டவ்டெயிலுக்கு ஏர் ரைஃபிள் ரிங், ரிம்ஃபயர் ரிங் என்று இரண்டு விதம் கிடைக்கும்; பக்கச் சரிவின் கோணம் வேறுபடலாம். ஓரத்தில் மட்டும் கவ்வி நிற்கும் ரிங்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே நடுவில் சந்து தெரியும். அப்படித் தெரிந்தால் வாங்காதீர்கள்.

அப்பாவிடமிருந்தோ மாமாவிடமிருந்தோ லைசென்ஸ் மாறி வந்த பழைய மவுசர் வகை ரைஃபிள்கள் நம்மவர் வீடுகளில் நிறைய உண்டு. ப்ளூம்ஃபொன்டைனில் செய்த மஸ்க்ரேவும் அதில் சேர்த்தி. இவற்றில் முன் மேடும் பின் மேடும் ஒரே உயரம் அல்ல, இரண்டு தனித்தனி பேஸ் போட்டிருக்கும். துளைகளை எந்தக் காலத்திலோ ஒரு கன்ஸ்மித் கையால் போட்டிருப்பார். நேர்க்கோட்டில் இருக்கும் என்று நம்பாதீர்கள். பேஸ்கள் இரண்டின் மேலும் ஒரு நேர்ப்பட்டையை வைத்து, கீழே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பக்கவாட்டிலும் வைத்துப் பாருங்கள். கோணல் இருந்தால் இரண்டு வழி. ஒன்று, ஒரே துண்டு ரயில் போட்டு அதன் அடியில் ஸ்டீல் எபாக்சி வைத்து உட்கார வைப்பது. இன்னொன்று, உள்ளே உருளும் பிளாஸ்டிக் வளையம் உள்ள பர்ரிஸ் சிக்னேச்சர் வகை ரிங். அந்த வளையம் கோணலுக்கு ஏற்பத் தானே திரும்பிக்கொள்ளும், குழாயில் கீறலும் விழாது. பழைய ரைஃபிளுக்கு எங்கள் ஓட்டு இரண்டாவதற்கு.

குழாய் விட்டம்

இதில் யோசிக்க ஒன்றுமில்லை. 25.4, 30, 34 மி.மீ. ஆகியவைதான் பெருவழக்கு, 35, 36, 40 மி.மீ. குழாய்களும் உண்டு. வெர்னியர் வைத்து அளந்து அதே அளவு ரிங் வாங்குங்கள். 30 மி.மீ. ரிங்குக்குள் 25.4 குழாயை வைக்க வளையம் போட்டுச் சமாளிப்பது துல்லிய ரைஃபிளுக்கு ஆகாது. 34-க்கும் 35-க்கும் கண்ணால் வித்தியாசம் தெரியாது என்பதால் பெட்டியில் அச்சிட்ட எண்ணைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

உயரம்: சண்டை எல்லாம் இங்கேதான்

லோ, மீடியம், ஹை என்ற பெயர்களைக் கேட்டு ரிங் வாங்காதீர்கள். ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியின் லோ. மி.மீ. கணக்கு ஒன்றே நம்பத் தகுந்தது. அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சில கம்பெனிகள் ரயிலின் மேற்பரப்பிலிருந்து குழாயின் நடுமையம் வரை உயரம் சொல்கின்றன. சில குழாயின் அடிவிளிம்பு வரை மட்டும் சொல்கின்றன. 34 மி.மீ. குழாய்க்கு அடிவிளிம்பு வரை 10 மி.மீ. என்றால் மையம் வரை 27 மி.மீ. அதே 10 மி.மீ. 30 மி.மீ. குழாய்க்கு 25. எந்தக் கணக்கு என்பதை வரைபடத்தில் பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள். கீழே நாங்கள் சொல்வதெல்லாம் மையம் வரையிலான கணக்கு.

அளக்கும் விதம் இது. ரைஃபிளின் போல்ட்டை வெளியே எடுத்துவிட்டு, சேம்பரும் (தோட்டா உட்காரும் அறை) மேகசினும் காலி என்று விரலை விட்டே உறுதி செய்துகொள்ளுங்கள். ரயிலின் மேல் ஒரு இரும்பு நேர்ப்பட்டையை வைத்து முன்பக்கம் பேரலுக்கு மேலே நீட்டி விடுங்கள். ஸ்கோப்பின் முன் கண்ணாடிக் கூடு எந்த இடத்தில் வருமோ அந்த இடத்தில், பட்டையின் அடிப்பாகத்துக்கும் பேரலின் மேற்பாகத்துக்கும் உள்ள இடைவெளியை வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். ரயில் முன்பக்கம் சாய்ந்திருந்தால் பட்டையும் கூடவே சாயும் என்பதால் அந்தச் சாய்வும் கணக்கில் தானாக வந்துவிடும்.

அடுத்து, முன் கூட்டின் வெளி விட்டம். 56 மி.மீ. ஸ்கோப் என்றால் 56 என்பது கண்ணாடியின் அளவு. உலோகக் கூடு 62, 63 வரும். 50 மி.மீ. ஸ்கோப்பின் கூடு 56, 57 வரும். வெர்னியர் வாயை நன்றாகத் திறந்து அளங்கள். அதில் பாதியோடு 3 மி.மீ. இடைவெளியைக் கூட்டி, பட்டையின் கீழ் அளந்த இடைவெளியைக் கழித்தால் வருவதுதான் குறைந்தபட்ச ரிங் உயரம்.

எண்ணோடு சொன்னால்: கூடு 62 மி.மீ., பாதி 31. மூன்றைக் கூட்டினால் 34. பட்டையின் கீழ் இடைவெளி 12 மி.மீ. என்றால் 34-இல் 12 போக 22. கடையில் கிடைக்கும் உயரங்களில் இதற்கு மேல் அடுத்தது 25 மி.மீ. என்றால் அதை எடுங்கள். மேலே திறந்து மூடும் லென்ஸ் மூடி போடுவதாக இருந்தால் அதன் தடிப்பையும் அளந்து சேர்க்க வேண்டும். பலர் கோட்டை விடும் இடம் இது. ரைஃபிளின் முன்கட்டை வரைக்கும் ரயில் நீண்டு, அது ஸ்கோப்பின் கூட்டுக்கு அடியிலும் வந்தால் கழிக்க ஒன்றும் இருக்காது. 34 முழுதாக வேண்டும். 36 அல்லது 38 மி.மீ. ரிங் வாங்க வேண்டியதுதான்.

முன்பக்கம் மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பின்பக்கம் போல்ட்டை முழுதாகத் தூக்கினால் கைப்பிடி ஸ்கோப்பின் பின் கூட்டுக்கு எவ்வளவு கிட்டே வருகிறது? 60 டிகிரி தூக்கும் போல்ட்டுக்கு இடம் தாராளமாக இருக்கும். 90 டிகிரி தூக்கும் போல்ட்டில் பெரிய உருண்டைக் கைப்பிடி போட்டிருந்தால் விரல் முட்டி நசுங்கும். ஜூன், ஜூலையில் ட்ராக்கன்ஸ்பர்க் மலைப் பக்கம் காலைப் பனியில் கையுறையோடு சுடுபவர் கையுறையைப் போட்டுக்கொண்டே சோதித்துப் பார்க்க வேண்டும். பெரிதாக்கும் வளையத்தில் நெம்புகோல் மாட்டியிருந்தால் அது ரயிலின் பின்முனையில் தட்டாமல் ஒரு சுற்று முழுதாகச் சுழல்கிறதா என்பதையும் பாருங்கள்.

ரிங் எவ்வளவு தாழ்வோ அவ்வளவு நல்லது என்று பழைய வேட்டைக்காரர்கள் சொல்வார்கள். கன்னம் பதிக்கும் இடத்தை உயர்த்த வழியில்லாத பழைய மரக்கட்டைக்கு அது சரி. கன்னப் பலகையை ஏற்றி இறக்கக்கூடிய இன்றைய ஸ்டாக்குக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. நாலைந்து மி.மீ. உயர்ந்தால் குண்டின் பாதையில் பெரிய நஷ்டம் இல்லை. குண்டின் பாதையைக் கணக்கிடும் பாலிஸ்டிக் ஆப்பில் பேரல் மையத்துக்கும் ஸ்கோப் மையத்துக்கும் உள்ள உயரத்தைச் சரியாகப் போட்டால் போதும். படுத்துச் சுடுபவர் கழுத்தை நெரித்துக்கொண்டு கண்ணைத் தாழ்த்த வேண்டியிருந்தால் பத்தாவது தோட்டாவுக்குள் கழுத்து கடுக்கும், கன்னத்தின் அழுத்தம் மாறும், குழுவும் (ஒரே குறிக்குச் சுட்ட தோட்டாக்கள் தாளில் விழும் கூட்டம்) சிதறும். சரியான உயரம் எது என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. கண்ணை மூடி, கன்னத்தை வசதியாகப் பதித்து, கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பில் முழு வட்டமும் கருநிழல் இல்லாமல் தெரிய வேண்டும்.

சாய்வு வேண்டுமா, வேண்டாமா

நெடுந்தூரம் சுடுபவர்கள் 20 எம்.ஓ.ஏ. சாய்வுள்ள ரயில் போடுகிறார்கள்; ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குதான் ஓர் எம்.ஓ.ஏ. பின்முனை சற்று உயர்ந்து, ஸ்கோப் லேசாக முன்பக்கம் கவிழ்ந்திருக்கும். 150 மி.மீ. நீள ரயிலில் அந்த உயர்வு 0.87 மி.மீ. மட்டுமே. 20 எம்.ஓ.ஏ. என்றால் 5.8 மில்; ஒரு மில் என்பது 100 மீட்டரில் 10 செ.மீ.

உங்கள் ஸ்கோப்பின் மேல்-கீழ் ஓட்டம் (குறியை ஏற்றி இறக்கக்கூடிய அளவு) மொத்தம் 26 மில் என்று வையுங்கள். தட்டையான ரயிலில் 100 மீட்டருக்கு ஜீரோ வைத்தால் மேலே ஏறக்குறைய 13 மில் மிச்சம். .308 வின்செஸ்டரில் 175 கிரெய்ன் மேட்ச் குண்டு நொடிக்கு 790 மீட்டர் வேகத்தில் கிளம்பினால், டர்பன் கடல் மட்டத்தில் 1000 மீட்டருக்கு ஏறத்தாழ 13 மில் தேவை. ஓட்டம் அத்தோடு தீர்ந்தது. 20 எம்.ஓ.ஏ. ரயில் இருந்தால் மேலே 18.8, கீழே 7.2 கிடைக்கும், நிம்மதி. ஜோகன்னஸ்பர்க் பக்கம் 1700 மீட்டர் உயரத்தில் காற்று மெலிது, அதே குண்டு அங்கே குறைவாகவே விழும். அங்கே ஜீரோ வைத்துப் பழகியவர் கடற்கரைக்கு வந்து சுடும்போது ஓட்டம் போதாமல் திண்டாடுவதுண்டு.

ரயிலும் 20, இரண்டு ரிங்கும் சேர்ந்த ஒற்றைத் துண்டு மவுன்ட்டும் 20 என்று தெரியாமல் வாங்கி, 40 எம்.ஓ.ஏ. ஆகிவிட்ட ரைஃபிள்கள் ரேஞ்சில் அடிக்கடி கண்ணில் படும். 40 என்றால் 11.6 மில். நம் எடுத்துக்காட்டு ஸ்கோப்பில் கீழே 1.4 மில்தான் மிஞ்சும். துளைகளில் கொஞ்சம் கோணல் இருந்தாலும் 100 மீட்டர் ஜீரோ கிடைக்காது. சாய்வு ஒரு இடத்தில் மட்டும் இருக்கட்டும். 300 மீட்டருக்குள் இம்பாலா, ப்ளெஸ்பக் மான் வேட்டைக்கு மட்டும் போகிறவருக்குச் சாய்வே தேவையில்லை.

பின் ரிங்குக்கு அடியில் குளிர்பான டின்னை வெட்டி வைத்து உயர்த்துவது பழைய தந்திரம். இரண்டு ரிங்குகளும் ஒரே கோட்டில் இல்லாமல் போய், மூடியை இறுக்கும்போது குழாய் வில்லாக வளையும். செய்யவே கூடாது. தனி ரிங்கில் சாய்வு வேண்டுமென்றால் முன் சொன்ன உருளும் வளையத்தில் அதற்கென்று விலகல் அளவோடு வரும் ஜோடிகள் இருக்கின்றன.

இரும்பா, அலுமினியமா, ஒற்றைத் துண்டா

7075 அலுமினியத்தில் ஒழுங்காகக் கடைந்த ரிங் .308-க்கும் 6.5 க்ரீட்மூருக்கும் தாராளமாகப் போதும். அலுமினியக் குழாய்க்கு அலுமினிய ரிங் என்பதில் ஒரு லாபமும் உண்டு: கரூ வறண்ட நிலத்து வெயிலில் சூடேறும்போது இரண்டும் ஒரே அளவில் விரியும். இரும்பு ஏறக்குறைய பாதிதான் விரியும். .375 மாதிரி கனத்த உதைப்புக்கு இரும்பு ரிங் நல்லது. ஆனால் டர்பன், டோங்காட், ஸ்டேங்கர் என்று கடலோரம் இருப்பவர்கள் நீலம் பூசிய இரும்பு ரிங்கை எண்ணெய்த் துணியால் அடிக்கடி துடைத்து வைக்க வேண்டும். திருகுத் தலைக்குள் துரு பிடித்தால் பிறகு கழற்றுவதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

வாங்கும்போது ரிங்கின் அகலத்தையும் திருகு எண்ணிக்கையையும் பாருங்கள். மூடிக்கு நான்கு திருகு, 20 மி.மீ. அல்லது அதற்கு மேல் அகலம் இருந்தால் இறுக்கம் பரவி விழும். இரண்டே திருகில் நிற்கும் குறுகிய ரிங் .22-க்குப் போதும். குறுக்கு போல்ட் உருண்டையாக இருப்பதைவிட, பள்ளத்தின் சுவரோடு பொருந்தும் சதுர முளை உள்ளது மேல். மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் ஜோடி எண் பொறித்திருந்தால் அவற்றைச் சேர்த்து வைத்துக் கடைந்திருக்கிறார்கள் என்று அர்த்தம், மாற்றி மாட்டாதீர்கள்.

ஸ்பூர் மாதிரியான ஒற்றைத் துண்டு மவுன்ட்டில் இரண்டு ரிங்கும் ஒரே கட்டையிலிருந்து கடைந்து வருவதால் கோட்டுப் பிரச்சினை மிகக் குறைவு. விலை கை கடிக்கும். ரிங் இடைவெளியும் மாற்ற முடியாது என்பதால், நீண்ட ஆக்‌ஷனில் குட்டையான ஸ்கோப்பை வைத்தால் கண்ணுக்குச் சரியான தூரம் கிடைக்காமல் போகலாம். நல்ல ரயில் இருக்கும்போது நல்ல தனி ரிங் ஜோடி பெரும்பாலோருக்கு நிறைவாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைப்பவர்கள் சுங்கத்தோடு 15 சதவீத வாட் வரியையும் கூட்டிப் பாருங்கள். ஒரு திருகின் மரை போனால் மாற்றுத் திருகு இங்கே கிடைக்குமா என்பதையும் கேட்டுவையுங்கள். லிங்க்ஸ் போன்ற உள்ளூர்ப் பெயர்களையும் அலட்சியம் செய்ய வேண்டாம்.

மாட்டும் முறை

வேண்டியவை: டார்க்ஸ் பிட்டுகள் (பெரும்பாலும் டி15, டி20, டி25), டார்க் ஸ்க்ரூடிரைவர் (இறுக்கும் விசையை அளந்து காட்டுவது), ஃபீலர் கேஜ் (சந்து அளக்கும் மெல்லிய தகடுகள்), ஐசோப்ரோபைல் ஆல்கஹால், நீலத் திருகுப் பசை, தூக்குக்குண்டு கட்டிய நூல். டார்க் கருவியில் அங்குல-பவுண்டு எண் இருந்தால் 8.85 அங்குல-பவுண்டு ஒரு நியூட்டன் மீட்டர். சைக்கிள் கடைகளில் கிடைக்கும் 2 முதல் 20 நியூட்டன் மீட்டர் ரெஞ்ச் குறுக்கு போல்ட்டுக்குச் சரி. மூடித் திருகுக்கு அதை நம்பாதீர்கள், அளவின் அடிமட்டத்தில் அது சரியாகக் காட்டாது.

ரயிலின் திருகுகள், ரிசீவர் துளைகள், ரிங்கின் உட்புறம், குழாயில் ரிங் படும் இடம் எல்லாவற்றையும் ஆல்கஹாலில் துடைத்து எண்ணெய் போக்குங்கள். ரயில் திருகுக்கு ஒரு சொட்டு நீலப் பசை. சன்னமான 6-48 மரைக்கு 2 நியூட்டன் மீட்டர் அளவில், 8-40 மரைக்கு 3 அளவில் நிறுத்துங்கள். முன் திருகு நீளமாக இருந்து பேரலின் மரையில் முட்டுகிறதா, போல்ட் தடையின்றி ஓடுகிறதா என்று உடனே பார்த்துவிடுங்கள்.

ரிங்கின் அடிப்பாகங்களை ரயிலில் தளர்வாக வைத்து, ஸ்கோப்பை மேலே கிடத்துங்கள். ரிங் எதுவும் நடுவிலுள்ள டர்ரெட் (குறியை நகர்த்தும் குமிழ்) பெட்டியையோ குழாய் விரியத் தொடங்கும் இடத்தையோ தொடக் கூடாது. ஒவ்வொரு பக்கமும் சில மி.மீ. விட்டு வையுங்கள். பெரிதாக்கும் அளவை உச்சத்தில் வைத்து, நீங்கள் சுடும் அதே நிலையில் படுத்து, கண்ணுக்குரிய தூரத்தை முடிவு செய்யுங்கள். குளிர்கால ஜாக்கெட் போட்டுச் சுடுபவர் அதைப் போட்டுக்கொண்டே பார்க்க வேண்டும். துணியின் கனம் தலையைப் பின்னே தள்ளும்.

இடம் முடிவானதும் ரிங்குகளை முன்பக்கமாக, பேரல் பக்கமாக, தள்ளிப் பள்ளத்தின் முன் சுவரில் முட்ட வைத்து இறுக்குங்கள். சுடும்போது ரைஃபிள் பின்னே ஓடுகிறது, ஸ்கோப் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. ரைஃபிளின் கணக்கில் ஸ்கோப் முன்னே போகிறது. பின் சுவரில் முட்ட வைத்தவரின் ரிங் முதல் சில தோட்டாக்களிலேயே அந்த இடைவெளியை ஓடிக் கடக்கும், ஜீரோவும் கூடவே போகும். குறுக்கு போல்ட்டுக்கு 5-லிருந்து 7 நியூட்டன் மீட்டர் வரை, கம்பெனி சொல்வதைப் பொறுத்து. அலுமினிய ரயில் என்றால் கீழ் எண்ணோடு நில்லுங்கள்.

மூடியைப் போடுமுன் ஒரு சோதனை. அடிப்பாகங்களில் கிடக்கும் ஸ்கோப்பை ஒரு முனையில் விரலால் லேசாக அழுத்துங்கள். மறுமுனை ஆடினால் ரிங்குகள் ஒரே கோட்டில் இல்லை. மூடியை இறுக்கிய பிறகும் தெரிந்துகொள்ளலாம்: பின் ரிங்கை இறுக்கமாக விட்டு, முன் ரிங்கின் மூடித் திருகுகளை மெல்லத் தளர்த்துங்கள். குழாயும் ரிங்கின் அடியும் சேரும் விளிம்பில் ஆள்காட்டி விரல் நுனி இருக்கட்டும். குழாய் வளைந்திருந்தால் திருகு விடும் கணத்தில் விரலுக்கு அடியில் ஒரு துள்ளல் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அசைவும் விரலுக்குத் தெரியும்.

ஆட்டம் இருந்தால் என்ன செய்வது? முதலில் ரிங் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள், பிறகு ரயிலின் அடியைப் பாருங்கள். உலோகத் தண்டும் அரைப்புப் பசையும் வைத்து ரிங்கின் உள்ளே தேய்த்துச் சமமாக்கும் முறை மலிவு ரிங்குகளுக்கு உதவும். நான்கில் மூன்று பங்கு பரப்பு பளபளத்ததும் நிறுத்திவிட வேண்டும். ஜோடி எண் போட்ட விலையுயர்ந்த ரிங்கையும், பிளாஸ்டிக் வளையம் உள்ளதையும் தேய்க்கக் கூடாது. தேய்த்த ரிங்குக்கு உத்தரவாதமும் போய்விடும், வேறு ரைஃபிளில் அது பொருந்தவும் செய்யாது.

குறுக்குக்கோட்டை நேராக்க, ஸ்கோப் டர்ரெட்டின் தட்டையான அடிக்கும் ரயிலுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் தகடுகளை அடுக்கி, இரண்டு பக்கமும் தட்டையாகப் படியும் வரை ஸ்கோப்பைத் திருப்புங்கள். அடி தட்டையாக இல்லாத ஸ்கோப்புக்கு, ரைஃபிளை ரசமட்டம் வைத்துச் சமமாக நிறுத்தி, 50 மீட்டர் தள்ளித் தொங்கவிட்ட தூக்குக்குண்டு நூலோடு செங்குத்துக் கோட்டைப் பொருத்துங்கள். டர்ரெட்டைச் சுழற்றும்போதும் கோடு நூலைவிட்டு விலகாமல் ஏறி இறங்க வேண்டும். ஒரு டிகிரி சாய்வு அற்பமாகத் தெரியும். 1000 மீட்டரில் 10 மில் ஏற்றிச் சுடும்போது அந்த ஒரு டிகிரி குண்டை 17 செ.மீ. பக்கவாட்டில் கொண்டுபோகும், காற்றைப் பழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

மூடித் திருகுகளை எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றும் கால் சுற்றாக ஏற்றுங்கள். இரண்டு பக்கச் சந்தும் ஒரே அளவு இருக்க வேண்டும். ஒரு பக்கத்தை முதலில் இறுக்கினால் குழாய் அந்தப் பக்கம் உருண்டு, நேராக்கிய கோடு மறுபடி சாயும். கடைசி அளவு 1.7-லிருந்து 2 நியூட்டன் மீட்டர் வரை. கம்பெனி வேறு எண் சொன்னால் அதுதான் சட்டம். இங்கே பசை வேண்டாம், எண்ணெய் அறவே வேண்டாம். ஈரமான மரை வழுக்கும். அதே எண்ணுக்கு இறுக்கினாலும் குழாயின் மேல் விழும் அழுத்தம் கூடிவிடும். வார்ன் மாதிரி பக்கவாட்டில் பிளக்கும் ரிங்குக்கு இந்த வரிசை பொருந்தாது, அதன் தாளில் உள்ளபடி செய்யுங்கள்.

கோளாறு வந்தால்

அதிகமாக இறுக்கியதற்கு அடையாளம்: பெரிதாக்கும் வளையமோ பேரலாக்ஸ் (தூரத்துக்கேற்பப் பிம்பத்தைச் சரிசெய்யும்) குமிழோ திடீரென்று கனமாகச் சுழலும், கிளிக் மழுங்கும், மேல் ஓட்டம் குறைந்தது போலிருக்கும். திருகைத் தளர்த்தியதும் சரியானால் ஸ்கோப் பிழைத்தது. குழாயில் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தால் பிழைக்கவில்லை.

குறைவாக இறுக்கினால் ஸ்கோப் முன்னே நழுவும். ரிங்கின் முன் விளிம்பை ஒட்டிக் குழாயில் வெள்ளைப் பெயின்ட் பேனாவால் ஒரு மெல்லிய கோடு போட்டு வைத்தால், கோட்டுக்கும் ரிங்குக்கும் நடுவே கறுப்புத் தெரிந்தவுடன் பிடித்துவிடலாம். திருகுத் தலையிலும் அதே மாதிரி ஒரு கோடு. வேட்டைப் பண்ணைகளுக்குப் போகும் நெளிநெளியான கப்பிச் சாலையில் பக்கியின் (பிக்கப் வண்டி) பின்தட்டில் இரண்டு மணி நேரம் குலுங்கிப் போன ரைஃபிளுக்கு, சுடுமுன் இந்தக் கோடுகளைப் பார்ப்பது அரை நிமிட வேலை.

ரிங்கா, ஸ்கோப்பா என்ற சந்தேகம் வந்தால் 100 மீட்டரை நாடாவால் அளந்து, உயரமான தாளில் செங்குத்துக் கோடு வரைந்து, அடியில் ஒரு குழு சுடுங்கள். 5 மில் ஏற்றி, அதே புள்ளியைக் குறிவைத்து இன்னொரு குழு. நடுவே 50 செ.மீ. இருக்க வேண்டும். உயரம் சரியாக வந்து கோட்டிலிருந்து பக்கவாட்டில் விலகினால் கோணல் மாட்டல். கீழே இறக்கிச் சுட்டதும் பழைய இடத்துக்கு வராமல் ஒவ்வொரு முறையும் ஒவ்வோரிடத்தில் விழுந்தால், முதலில் ரயில் திருகு, அப்புறம் குறுக்கு போல்ட், அப்புறம் மூடி, எல்லாவற்றுக்கும் பிறகே ஸ்கோப்.

புதிதாக மாட்டியபின் 20 தோட்டா சுட்டுவிட்டு எல்லா இறுக்கத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். விமானப் பயணத்துக்கோ சுத்தம் செய்யவோ ஸ்கோப்பை எடுக்க நேர்ந்தால் மூடிகளைத் தொடாதீர்கள். குறுக்கு போல்ட்டுகளை மட்டும் விட்டு, ரிங்கோடு சேர்த்துக் கழற்றுங்கள். எந்தப் பள்ளத்தில் இருந்தது என்ற எண்ணை எழுதி வைத்து, அதே பள்ளத்தில், முன் சுவரில் முட்ட வைத்து, அதே இறுக்கத்தில் திரும்ப மாட்டினால் ஜீரோ பழைய இடத்துக்கு மிகக் கிட்டே வரும். ஆனாலும் மானைக் குறிவைக்குமுன் தாளில் மூன்று தோட்டா சுட்டுப் பாருங்கள்.